சனிக்கிழமைகளில் மட்டும் அறுந்த இணைப்பு

அடுத்த வாரத்திலிருந்து நான் வீடுகளுக்குப் போகப் போவதில்லை. தி.நகர் அலுவலகத்தில் உட்கார்ந்து, நீங்கள் போகும் வீடுகளின் இணைய இணைப்புகளைத் திரையில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறுகிறேன். முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி ஓய்வு பெற்றவளைப் போல அனுபவம் பேசுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். மாடி ஏறி இறங்கும் வேலையில் அனுபவம் கொஞ்சம் வேகமாகவே சேர்ந்துவிடுகிறது. மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு என்று இந்தப் பகுதியில் நான் ஏறாத படிக்கட்டு குறைவு.

மோடத்தை எப்படிப் பொருத்துவது, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. கோளாறு என்னவென்று கண்டுபிடித்த பிறகும் வேலை முடியாமல் நிற்கும் சில வீடுகள் உண்டு. அங்கே உங்கள் கையில் இருக்கும் கருவி எதுவும் உதவாது. எதை, யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பதுதான் மீதி வேலை. அப்படி ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து ஆன்லைனில் விளையாடுகிறார்கள், ஆட்டம் நடுவில் அறுகிறது என்று புகார் வந்தால் நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு வரும். கேம்தானே என்ற சலிப்பு. முதலில் அதை விடுங்கள். படம் பார்ப்பவருக்கு இணைப்பு ஒரு நொடி தடுமாறினால் தெரியாது. முன்கூட்டியே இறங்கிவிட்ட காட்சியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். விளையாடுபவருக்கு அந்த ஒரு நொடியில் ஆட்டமே போய்விடும். ஒரு வீட்டு இணைப்பின் உண்மையான நிலைமை முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

இந்தப் புகார்களை நான் இரண்டாகப் பிரித்துவைத்திருந்தேன். ஆடும் இருவரும் ஒரே வீட்டில் இருந்து, தனியாக ஆடும்போது சரியாகவும் சேர்ந்து ஆடும்போது ஒருவர் மட்டும் வெளியே தள்ளப்படுவதாகவும் இருந்தால், பெரும்பாலும் நம்முடைய ரவுட்டருக்குப் பின்னால் வீட்டுக்காரர் தானே வாங்கி மாட்டிய இன்னொரு ரவுட்டர் ஒளிந்திருந்து குழப்பும். அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றை ஷோகேஸ் பொம்மைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். ஆடுபவர்கள் வேறு வேறு வீட்டில் இருந்தால், யார் பக்கம் தடுமாறுகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்ல வந்த ரெஜினா அக்கா வீட்டுப் புகார் இந்த இரண்டாவது வகை.

மயிலாப்பூரில், சாந்தோம் பக்கமாகப் போகும் ஒரு தெருவில் இரண்டாவது மாடி. நம் ஆட்கள் ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்திருந்தார்கள். முதல் முறை வேகத்தைச் சோதித்து 'குறை இல்லை' என்று முடித்தார்கள். இரண்டாம் முறை ரவுட்டரையே புதிதாக மாற்றினார்கள். அதன் பிறகும் சனிக்கிழமை ஆட்டம் அறுந்தது. மூன்றாவது முறை அது என்னிடம் வந்தபோது மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். இதற்கு மேல் இந்தப் புகார் திரும்பி வரக் கூடாது.

போவதற்கு முன் நான் இரண்டு பக்கமும் பேசினேன். இணைப்பு அந்தோணி என்பவர் பெயரில் இருந்தது. அவர் அந்த வீட்டில் இல்லை. மனைவியைப் பிரிந்து திருவல்லிக்கேணியில், ஆண்கள் மட்டும் தங்கும் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தார். மனைவி ரெஜினாவும் பத்து வயது மகள் ஜெனியும் மயிலாப்பூர் வீட்டில். பிரிவு வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு நாள் மகளை நேரில் பார்க்கலாம். மற்றபடி சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆன்லைனில். அந்த ஒரு மணி நேரத்தை அப்பாவும் மகளும் பேசிக் கழிப்பதில்லை, விளையாடுகிறார்கள். ஒரே படகில் இருவர். அவர் சுக்கான் பிடிக்க வேண்டும், அவள் ஓட்டைகளை அடைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும்.

அவர் பக்கம் எப்படி என்று கேட்டேன். அதே அறையில் அதே மொபைல் டேட்டாவில் நண்பர்களோடு ஆடினால் எந்தத் தொல்லையும் இல்லை என்றார். பிறகு குரல் மாறியது.

"எம்பக்கம் ஓகே மேடம். அந்தப் பக்கம்தான் கட் ஆவுது. கட் ஆவுதா, கட் பண்றாங்களான்னு நீங்கதான் கண்டுபுடிக்கணும். கண்டுபுடிச்சா எழுதிக் குடுங்க. வக்கீல் கேட்டுக்கினு கீறாரு."

ரெஜினா அக்காவிடம் பேசியபோது அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். அடுத்த வாய்தாவில், குழந்தைக்கும் அப்பாவுக்கும் இருக்கும் நேரத்தை ரெஜினா கெடுக்கிறார் என்று அந்தோணி தரப்பில் சொல்லப்போகிறார்கள். நீதிபதி நம்பிவிட்டால் சனி ஞாயிறு முழுவதும் ஜெனியை அனுப்பச் சொல்லலாம். "மேன்ஷன்ல எங்க மேடம் பொண்ணை வெச்சுக்குவாரு?" என்று கேட்டுவிட்டு, அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்று நினைத்தவர் போல நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்கள் இரண்டு முறையும் போனது வார நாள் காலையில். அவர்களுக்கு வசதியான நேரம் அது. புகாரில் சனிக்கிழமை சாயங்காலம் என்று தெளிவாக எழுதியிருந்தது. கோளாறு வரும் நேரத்துக்குப் போகாமல் கோளாறு இல்லை என்று எழுதுவது, கடை திறப்பதற்கு முன்னால் போய்க் கூட்டமே இல்லை என்று சொல்வதைப் போன்றது. சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு அழைப்புகள் குவியும் நேரம்தான். மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். புகார் திரும்பி வரக் கூடாது என்றால் அந்த நேரம்தான் வேண்டும் என்றேன். கொடுத்தார்.

நான் போனபோது ரெஜினா அக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. அவர் வரும்வரை எதிர் ஃபிளாட் மாமி ஜெனியோடு உட்கார்ந்திருப்பது வழக்கம். ஜெனி டேப்லெட்டும் ஹெட்செட்டுமாக ஆட்டத்தைத் தொடங்கியிருந்தாள். நான் ரவுட்டரின் உள்பக்கத்தை என் மடிக்கணினியில் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சீராக இருந்தது. படகு போய்க்கொண்டிருந்தது.

"இப்ப நன்னாத்தான் இருக்கும்" என்றார் மாமி. "ரெஜினா உள்ள நுழையட்டும், நெட் வெளில போயிடும். ரெண்டும் ஒரே ஆத்துல இருக்க மாட்டேங்கறது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஜெனி சிரிக்கவில்லை. ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டு, மாமிக்குக் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அம்மாதான் ஆஃப் பண்றாங்களா?"

அந்த வீட்டில் என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வழக்கு பெரியவர்களுடையது. இந்தப் பெண்ணுக்கு அம்மா மேல் சந்தேகம் விழுந்துவிட்டது, அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தாள். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தெரியாதபோது தெரியாது என்று சொல்லிவிடுங்கள். குழந்தையிடம்கூட.

ரெஜினா அக்கா வந்தார். செருப்பைக் கழற்றினார், போனைச் சார்ஜில் போட்டார், மாமியை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குள் போனார். ரவுட்டருக்கோ அதன் ஸ்விட்சுக்கோ அவர் பக்கத்தில்கூட வரவில்லை. சற்று நேரத்தில் ஜெனியின் படகில் தண்ணீர் ஏறியது. அவள் ஓட்டையை அடைக்கிறாள், அடைபடவில்லை. தன் திரையில் அவள் வாளியோடு சிலைபோல நிற்பதாக அப்பா ஹெட்செட்டில் சொல்கிறார் என்றாள். பிறகு 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது.

என் திரையில் காரணம் அப்பட்டமாக இருந்தது. வீட்டுக்குள் வரும் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை முழுவதையும் ஒரே ஒரு போன் அடைத்துக்கொண்டிருந்தது. ரெஜினா அக்காவின் போன். இதற்கு முன் போன நம் ஆட்கள் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் பார்ப்போம், வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான். அப்லோட் பக்கம் நிரம்பினால் ஆட்டம் செத்துவிடும். இந்தத் திட்டத்தில் அந்தப் பக்கம் மிகவும் குறுகல்.

இன்னொன்றையும் பார்த்தேன். ரவுட்டர் கடைசியாக எப்போது அணைந்து எரிந்தது என்ற விவரம். நம் ஆள் அதைப் பொருத்திய நாளிலிருந்து ஒரு முறைகூட அணையவில்லை. ஆட்டம் அறுந்த சனிக்கிழமைகளும் இடையில் இருந்தன. யாரும் எதையும் அணைக்கவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டாம்.

சமையலறை வாசலில் நின்று, இன்று கடையில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு வினோதமாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் போனில் புடவை கேட்பார்கள். ஒவ்வொரு புடவையையும் பிரித்து, பார்டர் ஒரு வீடியோ, முந்தானை ஒரு வீடியோ, வெளிச்சத்தில் ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். சனிக்கிழமைதான் அதிகம். எல்லாம் அவருடைய சொந்தப் போனில். வீட்டு வைஃபை கிடைத்ததும் போன் அத்தனை வீடியோவையும் இணையச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கிவிடும். அப்படி ஒரு வசதி அந்தப் போனில் இருப்பதே அவருக்குத் தெரியாது. வாங்கிய அன்று யாரோ 'சரி' என்று அழுத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் விளக்கி முடித்ததும் அவர் அடுப்பைச் சின்னதாக்கினார்.

"அப்ப நான்தான்னு ஆயிடுச்சு."

"நீங்க தெரிஞ்சு செய்யலக்கா. ரவுட்டரை யாரும் தொடவே இல்லன்னு அதுலயே பதிஞ்சிருக்கு."

"அதெல்லாம் அவர் காதுல ஏறாது மேடம். எம் போனாலதான்னு ஒரு வார்த்தை போதும் அவருக்கு." பாத்திரத்தைக் கிளறிவிட்டுத் தொடர்ந்தார். "கேபிள் ஃபால்ட்டுன்னு சொல்லிடுங்களேன். சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடுங்க. போன்ல அதை நிறுத்திடுங்க, இனிமே வராது இல்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் அது சுலபம். புகார் முடிந்துவிடும், மேற்பார்வையாளர் சந்தோஷப்படுவார், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று அவருக்கு வரிசையாகச் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

இணைப்பு அந்தோணி பெயரில் இருக்கிறது. அவர் நம் வாடிக்கையாளர். அவருக்குப் பொய்யான காரணம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அடுத்து, ரெஜினா அக்கா நாளைக்கே போன் மாற்றுவார். புதிய போனில் யாரோ மறுபடி 'சரி' என்று அழுத்துவார்கள், மறுபடி சனிக்கிழமை ஆட்டம் அறுந்து போகும். அப்போது உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அம்மா உள்ளே வந்தால் நெட் போகிறது என்பதை ஜெனி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு முறை இல்லை, பல சனிக்கிழமைகள். தெருவில் கேபிள் கெட்டிருந்தது என்று நான் சொன்னால் அவள் தலையாட்டுவாள். ஆனால் தெருவில் இருக்கும் கேபிளுக்கு அம்மா செருப்பைக் கழற்றும் நேரம் எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றாமல் இருக்காது. அவள் பார்த்ததை உண்மையான காரணம் மட்டும்தான் விளக்கும். இதை அவர் மகள் கேட்ட கேள்வியோடு சேர்த்துச் சொன்னேன்.

ரெஜினா அக்கா நிமிர்ந்தார். "அப்டியா கேட்டா உங்ககிட்ட?"

ஆமாம் என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லுங்க. அவ முன்னாடியே சொல்லுங்க" என்று கூடத்துக்கு வந்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தோணியை அழைத்தேன். மகள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அவர் எடுத்ததுமே கேட்டார்: "சொல்லுங்க மேடம். ஒரே வார்த்தை. அவதான?"

இந்த மாதிரி நேரத்தில் கேட்ட கேள்விக்கு, கேட்ட வடிவத்திலேயே பதில் சொல்லிவிடாதீர்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பாதிதான் உண்மையாக இருக்கும். நான் மூன்று வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சொல்வதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன், முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம் என்று. சரி என்றார்.

"ஒண்ணு. புது ரவுட்டரை யாரும் ஒரு தடவைகூட ஆஃப் பண்ணல, அந்தப் பதிவு எங்கிட்ட இருக்கு. ரெண்டு. கடையில எடுத்த புடவை வீடியோ எல்லாம், அவங்க வீட்டுக்கு வந்ததும் போன்லேருந்து தானா மேல ஏறுது, அதுல ஜெனியோட ஆட்டம் அடைபட்டுப் போகுது. மூணு. இது அவங்களுக்கும் தெரியாது, ரெண்டு தடவை வந்த எங்க ஆளுங்களுக்கும் தெரியல."

வரிசையைக் கவனியுங்கள். இரண்டாவது வாக்கியத்தை முதலில் சொல்லியிருந்தால் அவர் மற்ற இரண்டையும் கேட்டிருக்க மாட்டார். மூன்றாவதில் நம் நிறுவனத்தின் தவறையும் சேர்த்துதான் சொன்னேன். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். அது உண்மை.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "போன்லேருந்து தானா எப்டிங்க ஏறும்? யாராச்சும் அமுக்காம?" என்றார். ஜெனியிடம் திரும்பினேன். உங்கள் மாடிப்படியில் பீரோவை இறக்கிக்கொண்டிருக்கும்போது நீ பால் வாங்கக் கீழே ஓட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். அதுதான் நடக்கிறது, நீயே சோதித்துப் பார் என்று அவள் அம்மாவின் போனை அவள் கையில் கொடுத்தேன். அதில் வைஃபையை அணைத்து, மறுபடி போட்டு, ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் கேட்கச் சொன்னேன்.

இருவரும் மறுபடி படகில் ஏறினார்கள். அவள் அணைத்தாள்.

"அப்பா, இப்ப?"

"வர்றே. நல்லா வர்றே."

போட்டாள். "இப்ப?"

"நின்னுட்டே. வாளியோட நிக்கறே."

"இப்ப?"

"வந்துட்டே."

நான் போதும் என்று சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அணைத்துப் போட்டாள். ரெஜினா அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். ஜெனி போனை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டேப்லெட்டோடு எழுந்துபோய் அவரோடு ஒட்டி நின்றுகொண்டு, அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

எழுதிக் கொடுப்பதைப் பற்றி அந்தோணி மறுபடி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. இப்போது சொன்ன மூன்று வாக்கியங்களும் இதே வரிசையில் புகாரை முடிக்கும் குறிப்பில் இருக்கும், இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன் என்றேன். "ரெண்டு பேருக்குமா" என்றார். ஆமாம் என்றேன். "சரி. நான் வக்கீல்கிட்ட வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அவர் அதை மாற்றிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அது நம் வேலை முடியும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போகாதீர்கள். ஆறுதல் சொல்லவும் போகாதீர்கள், நியாயம் பேசவும் போகாதீர்கள்.

நான் மீதி வேலையைப் பார்த்தேன். போனில் அந்தத் தானியங்கிச் சேமிப்பைக் காலை நேரத்துக்கு மாற்றினேன். ரெஜினா அக்காவையே அதைத் தேடி அழுத்தச் சொன்னேன், அடுத்த போனில் அவருக்கே செய்துகொள்ளத் தெரிய வேண்டும் என்பதற்காக. ரவுட்டரிலும் எந்த ஒரு கருவியும் வெளியே போகும் பாதை முழுவதையும் பிடித்துக்கொள்ளாதபடி ஒரு கட்டுப்பாடு வைத்தேன். இவை இரண்டும் சில நிமிட வேலை. நம் தொழிலில் பல நேரங்களில் திருகாணியை முடுக்குவது சுலபம், அதற்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும் சமையலறை வாசல்தான் கஷ்டம்.

பையை மூடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. மேன்ஷன் அறையின் மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"ரெஜினா."

ரெஜினா அக்கா போன் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சனிக்கிழமைன்னா அவ்ளோ வீடியோவா எடுக்கச் சொல்றாங்க?"

"ஆமா."

"உக்காந்துக்கினுதான?"

"அந்தக் கூட்டத்துல எங்க உக்கார்றது."

மின்விசிறிச் சத்தம்.

"உனுக்குக் கால் வீங்குமே."

"அப்பா, பாறை வருது, சுக்கானைப் புடி" என்றாள் ஜெனி. அவர் பிடிக்கவில்லை. "அப்பா, பேசிக்கினே இருக்காத."

படகு பாறையில் மோதிச் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் தண்ணீரை இறைத்துப் பார்த்தாள், முடியவில்லை. மூழ்கிவிட்டது. நான் கடைசியாக ஒரு முறை ரவுட்டரைப் பார்த்தேன். இணைப்பு சீராகத்தான் இருந்தது.